நெஞ்சே சுவடியாக

மனப்பாடம் என்னும் சொல் இன்று கல்வியாளரிடையே மதிப்பிழந்து நிற்கின்றது. பொருளுணராமல் ஒப்பித்தலே மனப்பாடம் எனப் பலரும் கருதுகின்றனர். தமிழ்க் கல்வி மரபை ஆராய்வோர்க்கு இக்கருத்து முழுதும் பொருந்துவதன்று என்பது புலப்படும்.

ஓலைச்சுவடியைப் படியெடுக்க நாள் பல வேண்டும். எடுத்த படியையும் செல் அரிக்கும். ஆதலின் கற்றோர் நெஞ்சமே நூலுக்கு இரண்டாம் சுவடியாயிற்று. நூல் செய்தோரும் இதனை மனங்கொண்டனர். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் இயன்றது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் அதன் 11ஆம் தொகுதி எதுகை முறையில் அமைந்துள்ளது. ஓசை நினைவில் நின்றால் சொல் வரும். சொல்லைப் பற்றிக்கொண்டு பொருளும் வரும்.

ஆயினும் நினைவில் நிறுத்துவதோடு கல்வி முற்றுப்பெறுவதாக முன்னோர் கருதவில்லை. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கன் பாடங்கொள்ளும் முறையை வகுத்துரைக்கின்றார். பாடத்தை மறவாது காத்தலும் கேட்டதை மீள நினைத்தலும் அவற்றுள் அடங்கும். வினவுதலும் விடையிறுத்தலும் அவற்றோடு சேரும். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டவனுக்கும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் வாய்க்கும் என்பது அவர் கணக்கு.

திண்ணைப் பள்ளிகளில் இளையோர்க்குப் பாடஞ்சொன்ன சட்டாம்பிள்ளை இந்நெறியின் நடைமுறை வடிவம் எனலாம். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழி அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது.

திண்ணைப் பள்ளிகளிலும் பொருளறியாது ஒப்பித்தோர் பலர் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. அஃது ஏனைய படிகளைக் கைவிட்டதன் விளைவு, முதற்படியின் குற்றமன்று. தேர்வுக்காகக் கேட்டு, ஒப்பித்து, மறந்துவிடும் இன்றைய வழக்கிலும் நேர்வது இதுவே. கற்ற பாடத்தைத் தோழனுக்கு எடுத்துரைக்கச் சிறிது பொழுதும் தராத வகுப்பு, பவணந்தியார் கணக்கின்படி, கல்வியின் செம்பாதியை இழந்துவிடுகின்றது.