பந்து கொடுத்தவன் பெயர் என்ன?

(பட்டிமன்றத் தலைப்பு: ஹாக்கியில் காலத்துக்கும் நிற்பது கோலா? ஆட்டமா? 'ஆட்டமே' என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! 'கோல், கோல்' என்று கத்தித் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) குடும்பத்தோடு வந்து அமர்ந்திருக்கும் தூத்துக்குடிப் பெருமக்களே! தாய்மார்களே!

தூத்துக்குடியில ஹாக்கிக்குப் பட்டிமன்றமான்னு வெளியூர்க்காரங்க கேக்கலாம். முத்தைப் பத்திப் பேசலாம், உப்பைப் பத்திப் பேசலாம், கப்பலோட்டிய தமிழரைப் பத்திப் பேசலாம். மக்ரூனைப் பத்திக்கூடப் பேசலாம். (சிரிப்பு) ஹாக்கிக்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்குங்க. இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் போனா, இதே மாவட்டத்துல கோவில்பட்டி இருக்கு. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர் போன ஊர். 2020-இல் அந்தக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடே கிடைச்சுது. ஆனா அந்த ஊருக்கு இன்னொரு குறியீடும் உண்டு. நாடே கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச காலத்திலும், கோவில்பட்டிப் பிள்ளைங்க வளைஞ்ச மட்டையைக் கீழே போடலை. கரிசல் மண்ணுல வெறுங்காலோட ஓடிப் பழகின பிள்ளைங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒரு அணி, கல்லூரிக்கு ஒரு அணி, தெருவுக்கு ஒரு அணி. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டின்னா, இந்தியாவோட பல மூலையிலிருந்தும் பெரிய பெரிய அணிகள் அந்த ஊருக்கு வரும். அதைப் பாக்க ஊரே மைதானத்துக்கு வரும்.

ஆட்டம் முடிஞ்ச பிறகுதான் உண்மையான ஆட்டமே தொடங்கும், நடுவர் அவர்களே! டீக்கடையில! (சிரிப்பு) கல்லூரிப் பையன் ஒருத்தன் சொல்லுவான், "ஏலே, ரெண்டாவது கோல் மாதிரி ஒரு கோல் பாத்திருக்கியால?" பக்கத்துல டீயை ஆத்திக்கிட்டிருக்கிற அண்ணாச்சி சொல்லுவாரு, "கோலை விடுல. அதுக்கு முன்னாடி அந்த ஹாஃப்பேக் ரெண்டு பேரை ஏமாத்திட்டுக் கொடுத்தானே ஒரு பாஸ், அதைப் பாத்தியா?" அந்த டீக்கடை வழக்கைத்தான் இன்னைக்கு மேடைக்குக் கொண்டுவந்திருக்கோம். நான் அண்ணாச்சி கட்சி! (கைதட்டல்)

எதிரணித் தலைவர் என்ன சொல்லிட்டுப் போனாரு? "ஸ்கோர் போர்டுல கோலுக்குத்தான் இடம். அழகா ஆடினதுக்கு அரை மார்க் எவன் போடுவான்?" என்று கேட்டாரு. நல்ல கேள்வி. 1932-ஆம் வருஷத்துலேர்ந்து ஆரம்பிப்போமே.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். இந்தியா அமெரிக்காவை 24-க்கு 1 என்று ஜெயிச்சுது. இருபத்துநாலு கோல், ஐயா! எதிரணி நண்பருக்கு வாயெல்லாம் பல். அந்த 24-இல் 10 கோல் ரூப் சிங், 8 கோல் தியான் சந்த். ரெண்டு பேரும் யாரு? அண்ணன் தம்பி. ஒருத்தர் நடுவுல, ஒருத்தர் இடது பக்கத்துல. அண்ணன் கொடுக்க, தம்பி வாங்க, தம்பி கொடுக்க, அண்ணன் வாங்க! நம்ம வீட்டுல அண்ணன் தம்பிக்குள்ள ஒரு பேனா கைமாறாது. (பலத்த சிரிப்பு) அங்கே பந்து கைமாறிக்கிட்டே இருந்தது. 24 என்பது வெறும் விளைவுங்க. அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் காரணம். காரணத்தை மறந்துட்டு விளைவைக் கொண்டாடறது, சமைச்ச அம்மாவை விட்டுட்டு இலையைப் பாராட்டற மாதிரி. (கைதட்டல்)

அடுத்து 1975-க்கு வர்றேன். எதிரணித் தங்கச்சி உணர்ச்சி பொங்கப் பேசினாங்க. மார்ச் 15, கோலாலம்பூர், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. பாகிஸ்தான் முதல் கோல் போட்டுது. சுர்ஜித் சிங் பெனால்டி கார்னர்ல சமன் பண்ணினாரு. அப்புறம் தியான் சந்தோட மகன் அசோக் குமார் வெற்றி கோலைப் போட்டாரு. 2-க்கு 1. இந்தியாவுக்கு உலகக் கோப்பை. "இதைவிடப் பெரிய கோல் உண்டா?" என்று கேட்டுட்டு உட்கார்ந்துட்டாங்க.

தங்கச்சி பாதிக் கதையோட உட்கார்ந்துட்டாங்க. அசோக் குமார் பந்தைக் கொண்டுபோயி, பிலிப்ஸ்கிட்ட கொடுத்து, திரும்ப வாங்கித்தான் அடிச்சாரு. யார் அந்தப் பிலிப்ஸ்? வி.ஜே. பிலிப்ஸ், நம்ம தமிழ்நாட்டு வீரர்! (கைதட்டல்) இத்தனை பேர் இப்பக் கை தட்டினீங்களே, இந்தப் பேரு எத்தனை பேருக்கு முன்னாடி தெரியும்? அசோக் குமார் பேரு தெரிஞ்ச அளவுக்கு அவருக்குப் பந்தைத் திருப்பிக் கொடுத்தவர் பேரு நம்ம பிள்ளைகளுக்குத் தெரியலை. என் தலைப்பே அதுதானுங்க.

இன்னொன்னும் சொல்றேன். அந்தப் பந்து கோல் கம்பத்தோட மூலையில பட்டு வெளியே வந்துட்டுது. பாகிஸ்தான்காரங்க 'கோலே இல்லை'ன்னு வாதாடினாங்க. மலேசிய நடுவர் விஜயநாதன் 'கோல்தான்'னு விசில் அடிச்சாரு. ஆகவே எதிரணி நண்பர்களே, கோல் என்பது நடுவர் ஒத்துக்கிட்டால்தான் கோல். பாஸ் அப்படியில்லை. அதை யாரும் மறுக்க முடியாது. நடுவர்னா எவ்வளவு முக்கியம் பாத்தீங்களா, நடுவர் அவர்களே? (பலத்த சிரிப்பு. நடுவர்: "இந்த ஐஸுக்கெல்லாம் மார்க் கிடையாது.")

சரி ஐயா, அதே போட்டியோட அரை இறுதிக்கு வாங்க. மலேசியாவுக்கு எதிரா இந்தியா பின்தங்கி நிக்குது. நேரம் முடியப் போகுது. மாற்று ஆட்டக்காரரா உள்ளே வந்த அஸ்லம் ஷேர் கான் பெனால்டி கார்னர்ல சமன் பண்ணினாரு. பெரிய கோல்தான், ஒத்துக்கறேன். ஆனா பெனால்டி கார்னர்னா என்னன்னு வீட்டுல இருக்கிற தாய்மார்களுக்காகச் சொல்றேன். கோல் கோட்டுலேர்ந்து ஒருத்தர் பந்தை வெளியே தள்ளணும். வட்டத்து ஓரத்துல இன்னொருத்தர் அதை அசையாம நிறுத்தணும். அந்தக் காலத்துல கையாலேயே நிறுத்தலாம். மூணாவது ஆளு அடிப்பாரு. தள்ளினது கொஞ்சம் கோணினாப் போச்சு, நிறுத்தினது ஒரு அங்குலம் நழுவினாப் போச்சு. மூணு பேர் செய்யற வேலை, மறுநாள் பேப்பர்ல ஒரே ஒரு பேரு!

1976-இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதல்முறையா செயற்கைத் தரையில ஹாக்கி ஆடினாங்க. அதுவரைக்கும் புல் தரையில ஏழு ஒலிம்பிக் தங்கம் வாங்கின இந்தியா, அங்கே ஏழாவது இடம்! அதே பிள்ளைங்கதான் பெரும்பாலும், அதே மட்டைதான். தரை மாறிப்போச்சு. புல் தரையில பந்து குதிக்கும், திரும்பும். மணிக்கட்டு வித்தை தெரிஞ்சவன் ராஜா. செயற்கைத் தரையில பந்து வழுக்கிக்கிட்டு ஓடும். வேகமும் உடல் பலமும் இருக்கிறவன் ராஜா. கோல் அடிக்கத் தெரியாம நாம தோக்கலை. பந்தை கோல்வரைக்கும் கொண்டுபோற வழியை நமக்குக் கீழேயிருந்து உருவிட்டாங்க.

திரும்ப எழுந்தோமா? எழுந்தோம்! 1980, மாஸ்கோ. பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணிச்சது உண்மை. ஆனா இறுதிப் போட்டியில ஸ்பெயின் விட்டுக்கொடுத்துடலை. 4-க்கு 3 என்று போராடித்தான் தங்கம் வாங்கினோம். 2024 வரைக்கும் ஹாக்கியில நாம வாங்கின கடைசி ஒலிம்பிக் தங்கம் அதுதான். கேப்டன் யாரு? சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன்! (கைதட்டல்) அந்த இறுதிப் போட்டியில அவர் எத்தனை கோல் போட்டாரு? ஒண்ணுகூட இல்லை! அவர் ஹாஃப்பேக். தடுக்கறதும், வாங்கறதும், முன்னாடி கொடுக்கறதும்தான் அவர் வேலை. எதிரணிக் கணக்குப்படி பாத்தா பாஸ்கரனுக்குப் பூஜ்யம். நாட்டுக் கணக்குப்படி பாத்தா தங்கம்! (பலத்த கைதட்டல்)

அதே அணியில முகமது ஷாஹித்னு ஒரு வாரணாசிப் பையன். அவரு எத்தனை கோல் போட்டாருன்னு கேளுங்க, ஹாக்கிப் பைத்தியமே தலையைச் சொறியும். "அவர் டாட்ஜ் எப்படி?"ன்னு கேளுங்க. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்னு, குடையைத் தலைகீழாப் புடிச்சு, "இப்படி இழுப்பாரு, இப்படித் தள்ளுவாரு"ன்னு நடிச்சே காட்டுவாரு! (சிரிப்பு) கோலை எண்ணிச் சொல்றோம். ஆட்டத்தை நடிச்சுக் காட்டறோம்.

தன்ராஜ் பிள்ளையைச் சொல்லாம விடமுடியுமா? புனே பக்கத்துல கட்கியில பிறந்த தமிழ்ப் பிள்ளை. நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை ஆடினவர். 1998-இல் அவர் தலைமையில, 32 வருஷத்துக்குப் பிறகு, ஆசிய விளையாட்டுல தங்கம் வந்தது. பாங்காக்கில் தென் கொரியாவோட இறுதி ஆட்டம் டைபிரேக்கருக்குப் போனபோது காப்பாத்தினது யாரு? கோல் போட்டவரா? கோலைத் தடுத்த ஆஷிஷ் பல்லால்!

2021 டோக்கியோவும் அப்படித்தான். 41 வருஷத்துக்குப் பிறகு ஹாக்கியில ஒரு பதக்கம். ஜெர்மனியை 5-க்கு 4 ஜெயிச்சோம். இந்த அரங்கத்தைக் கேக்கறேன், இந்தியாவோட ஐந்தாவது கோலைப் போட்டது யாரு? (அரங்கம் மௌனம்) சிம்ரன்ஜித் சிங். கடைசி விநாடிகள்ல ஜெர்மனியோட பெனால்டி கார்னரைத் தடுத்தது யாரு? (அரங்கத்திலிருந்து: "ஸ்ரீஜேஷ்!") தீர்ப்பை நீங்களே சொல்லிட்டீங்க! (நீண்ட கைதட்டல்)

எதிரணியோட பலமான வாதத்தை நான் மறைக்கலை. 2022 மே மாதம், ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில வளர்ந்த கார்த்தி செல்வம், ரெண்டு பேரும் இந்திய அணியில! முதல் ஆட்டமே பாகிஸ்தானோட. முதல் கால் பகுதியிலேயே இந்தியாவுக்குக் கோல் போட்டது நம்ம கார்த்தி. அந்த ஆட்டம் 1-க்கு 1 முடிஞ்சுது. அப்புறம் அடுத்த சுற்றுக்குப் போகணும்னா இந்தோனேசியாவை 15 கோல் வித்தியாசத்துலயாவது ஜெயிக்கணும்ங்கிற நிலைமை. 16-க்கு 0 ஜெயிச்சாங்க! "அன்னைக்குக் கணக்கைத்தானே பாத்தாங்க, அழகையா பாத்தாங்க?" என்று எதிரணி கேட்டாங்க. நியாயம்தான். ஆனா அந்த 16 கோல்ல எந்த ஒரு கோலையாவது எப்படி விழுந்ததுன்னு சொல்லுங்க பாப்போம்? எண்ணிக்கை மட்டும் மனசுல நிக்குது, ஒரு கோலும் நிக்கலை. கோல் மட்டுமே பெரிசுன்னா, 16 கோல் 16 மடங்கு நிக்கணுமே, ஐயா? (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சாச்சு. முடிச்சிடறேன், நடுவர் அவர்களே.

இது முத்துக் குளிச்ச கடற்கரை. கொற்கை முத்து சங்க காலத்துலேயே பேர் வாங்கினது. 13-ஆம் நூற்றாண்டுல வந்த மார்க்கோ போலோவும் இந்த முத்துக்குளிப்பைப் பத்தி எழுதியிருக்காரு. இங்கே கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதைக் கண்ணால பாத்த பெரியவங்க சிலராவது இந்த அரங்கத்துல இருக்கலாம். கல்லைக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள இறங்கறவன் ஒருத்தன். மேலே தோணியில கயிறைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறவன் ஒருத்தன். கீழே இருக்கிறவன் கயிறை அசைச்சதும், மேலே இருக்கிறவன் இழுக்கணும். கண் அசந்தாப் போச்சு. அதனாலதான் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவாங்கன்னு கடற்கரையில சொல்வாங்க. தன் தங்கச்சி தாலி அந்தக் கயிறுலதானே இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்) முத்து எடுத்தவனுக்குப் பேரு உண்டு. கயிறு பிடிச்சவனுக்கு என்ன பேரு? ஆனா அவன் இல்லாம ஒரு முத்தாவது மேலே வந்திருக்குமா?

கோவில்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்க. தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போயி, பையனுக்கு ஒரு ஸ்டிக்கும் ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். பையன் மைதானத்துல நின்னா, கயிறு அவங்க கையில. அந்தப் பையன் ஃபுல்பேக்கா இருப்பான், ஹாஃப்பேக்கா இருப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நாம என்ன கேக்கறோம்? "எத்தனை கோல் போட்டே?" அவன் 'ஒண்ணும் போடலை'ன்னு தலையைக் குனிஞ்சுக்கறான். எழுபது நிமிஷமோ அறுபது நிமிஷமோ ஓடி ஓடித் தடுத்த பிள்ளை, வாங்கி வாங்கிக் கொடுத்த பிள்ளை, ஒரே கேள்வியில தோத்துப்போறான். அடுத்த வருஷம் மட்டையை மூலையில வச்சிடறான். ஒரு ஹாஃப்பேக்கை நாம இழக்கறது மைதானத்துல இல்லைங்க, வீட்டு வாசல்ல!

தாய்மார்களே, தகப்பன்மார்களே, இனிமே அந்தக் கேள்வியை மாத்திக் கேளுங்க. "இன்னைக்கு யாருக்குப்பா பந்து கொடுத்தே?" என்று கேளுங்க. அவன் நிமிர்ந்து பதில் சொல்லுவான்.

கோல் ஒரு நொடி. அந்த நொடிக்கு வழி போட்டது ஆட்டம். ஆகவே காலத்துக்கும் நிற்பது ஆட்டமே, ஆட்டமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு, அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)