குருதியிலிருந்து உமிழ்நீருக்கு: எச்.ஐ.வி. கண்காணிப்பு வரலாற்றில் ஒப்புதல்

முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அக்கண்டுபிடிப்பு குருதி மாதிரிகளைச் சார்ந்திருந்தது. பின்னர், தொற்று வாய்ப்பு மிகுந்த குழுக்களைக் கண்காணிக்க உமிழ்நீரும் பயன்படலாயிற்று. மாதிரி மாறியபோது சோதிக்கப்படுவோரின் நிலையும் மாறியதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னை, 1986

சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு பயின்றவர் செல்லப்பன் நிர்மலா. கைது செய்யப்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் உள்ளிட்டோரிடமிருந்து அவர் 80க்கும் மேற்பட்ட குருதி மாதிரிகளைத் திரட்டினார். உரிய வசதியின்மையால் அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே பாதுகாத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தென்பட்டது. அமெரிக்க ஆய்வகம் அதனை உறுதிசெய்தது.

இந்தியாவின் எச்.ஐ.வி. தடுப்புப் பணிகளுக்கு இக்கண்டுபிடிப்பே தொடக்கமாயிற்று. எனினும், எந்நோய்க்காகக் குருதி எடுக்கப்படுகிறது என்பது அப்பெண்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. இதனை நிர்மலாவே பின்னாளில் நேர்காணலில் கூறியுள்ளார். காவலில் இருந்தோர் மறுக்கும் நிலையிலும் இல்லை.

உமிழ்நீர்ச் சோதனையின் வருகை

வாய்வழி எச்.ஐ.வி. சோதனை தேடுவது தீநுண்மியை அன்று. ஈறுகளின் ஓரத்தில் கசியும் எதிர்ப்பொருள்களையே அது தேடுகிறது. குருதியைவிட உமிழ்நீரில் இவற்றின் அளவு மிகக் குறைவு. ஆதலால் நுண்ணுணர்வு மிக்க முறைகள் தேவைப்பட்டன. அத்தகைய முறைகளை இலண்டனைச் சேர்ந்த பாரி, பெரி, மார்ட்டிமர் ஆகியோர் 1987இல் வெளியிட்டனர். பிரித்தானியாவில் ஊசிவழி போதைப்பொருள் பயன்படுத்துவோரிடையே 1990இல் தொடங்கிய கண்காணிப்பு, அவர்கள் தாமாக முன்வந்து அளித்த வாய்நீர் மாதிரிகளைக் கொண்டு நடைபெற்றது. ஊசியால் நரம்புகள் சிதைந்தோரிடம் மீண்டும் ஊசியேற்றும் தேவை இதனால் நீங்கியது.

ஈறுகளைத் துடைத்தெடுத்துச் சிறிது நேரத்திலேயே முடிவறியும் விரைவுச் சோதனைக்கு 2004இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இந்தியாவில் மகாராட்டிரத்தின் சேவாகிராமத்திலுள்ள மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இம்முறை ஆராயப்பட்டது. முன்பு சோதனை செய்துகொள்ளாமலே பேற்றுக்கு வந்த பெண்களுக்குப் பேற்றறையிலேயே சோதனை செய்து, குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் மருந்தை உரிய நேரத்தில் வழங்க இயலும் என்பது அங்கு புலப்பட்டது.

2012இல் இச்சோதனையை வீட்டிலேயே செய்துகொள்ளவும் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மாதிரி எடுப்பவரும் சோதிக்கப்படுபவரும் இங்கு ஒருவரே ஆயினர். ஆயினும் தொற்றிய தொடக்க வாரங்களில் இச்சோதனை தவறக்கூடும். தொற்று தென்பட்டால் குருதிச் சோதனையால் உறுதிசெய்தல் இன்றியமையாதது.

முடிவுரை

உமிழ்நீர் ஊசியின் வலியை நீக்கியது. ஆனால் ஒப்புதலைத் தானாக உருவாக்கவில்லை. எளிதில் பெறக்கூடிய மாதிரி, கேளாமலே எளிதில் பெறக்கூடியதுமாகும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் சோதனைக்கு முன் அறிந்தளிக்கும் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. பெயர் அறியப்படாத கண்காணிப்பு ஆய்வுகளுக்கு இதிலிருந்து விலக்கு அளித்தபோதும், அவற்றின் நோக்கத்தைப் பங்கேற்போருக்குத் தெரிவிக்க வேண்டும் என அது விதித்தது. 1986இல் சென்னைப் பெண்களுக்குக் கிட்டாதது இந்த அறிவிப்பே. ஆகவே, கண்காணிப்பு வரலாற்றின் முன்னேற்றத்தை மாதிரியின் வகையைக் கொண்டு மட்டும் அளவிடுதல் போதாது. மாதிரி அளித்தவர் எதனை அறிந்திருந்தார் என்பதைக் கொண்டும் அளவிட வேண்டும்.