குடிமராமத்தில் குடி யார்?

தொட்டியத்தில் காவிரி வாய்க்கால் கரைதான் பலருக்கும் நடைபாதை. ஊர்கூடிக் கரை செப்பனிட்ட குடிமராமத்தைத் தன்னார்வத்தின் தொன்மைச் சான்றாகக் காட்டுகிறோம். இந்தச் சொல்லாடல்மீது எனக்குச் சந்தேகம் உண்டு.

1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தைப் பாருங்கள். கரை உடையும் அபாயத்தில் ஊர்த்தலைவர் ஆள் திரட்ட வேண்டும், யாரை? ‘உழைக்கும் வகுப்பு’ ஆண்களை. கூலி உண்டு, வரமாட்டேன்னு சொல்லும் உரிமைதான் இல்லை, மறுத்தால் தண்டனை. வழக்கமான மராமத்துக்கு உழைப்புத் தராதவர் அதன் மதிப்பில் இருமடங்கு கட்ட வேண்டும். காசுள்ளவன் கட்டிட்டுப் போயிடலாம். இதில் முன்னின்று நடத்தியவர் கௌரவம் மட்டுமே ஊர்நினைவில் தங்கியது.

2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கி, பொறுப்பைப் பாசனதாரர் சங்கங்களிடம் தந்தது. பாசனதாரர் என்றால் நிலமுள்ளவர். மண் சுமந்தவர்களின் நிலமற்ற பேரப்பிள்ளைகள் அந்தச் சங்கத்தில் எங்கே உட்காருவார்கள்?