தகிட தகிட தக: ஒரு சின்ன வாத்தியமும் நம் கரையும்



பேத்திக்காக வாங்கிய யுகுலேலேயை அவளைவிட நான்தான் அதிகம் வாசிக்கிறேன். நான்கு தந்திகள் கொண்ட அந்தச் சின்ன வாத்தியத்தில் 'ஸ்பிளிட் ஸ்ட்ரோக்' என்னும் பிரித்தடிக்கும் முறையைப் பழக எனக்கு மூன்று மாதங்கள் சென்றன. பார்ப்பவர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது போலிருக்கும். உள்ளே இருப்பது வெறும் கணக்கு. கை ஒரே சீராக மேலும் கீழும் அசைகிறது. ஓர் அசைவில் எல்லாத் தந்திகளையும் அடிக்கும். அடுத்த அசைவுகளில் ஓரத்துத் தந்தியை மட்டும் தொடும். எட்டு அசைவுகள் 3, 3, 2 என்று பிரிகின்றன. நடன வகுப்பில் சொற்கட்டுச் சொன்ன நமக்கு இது புதிதா? தகிட தகிட தக! முதலில் வாயால் சொல்லுங்கள். பிறகு மணிக்கட்டைத் தளரவிட்டு, மிக மெதுவாக அடியுங்கள். வேகம் பின்னால் வரும்.

இம்முறையைப் புகழ்பெறச் செய்தவர் இங்கிலாந்தின் விகன் நகரில் 1904இல் பிறந்த ஜோர்ஜ் ஃபோர்ம்பி. பான்ஜோவின் உடலும் யுகுலேலேயின் கழுத்தும் கொண்ட பான்ஜோலேலேதான் அவருடைய வாத்தியம். 1930களில் திரைப்படங்களிலும், இரண்டாம் உலகப் போரில் படைவீரர் முன்னிலையிலும் அவர் வாசித்தார். பாட்டின் நடுவே வாய் ஓய்ந்து கை மட்டும் பேசும் அந்த இடத்துக்காகவே கூட்டம் காத்திருக்கும்.

யுகுலேலேயின் மூதாதை, போர்த்துக்கலுக்குச் சொந்தமான மடெய்ரா தீவின் சிறு கிற்றார். 1879இல் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்ற மடெய்ரா மக்களோடு அது ஹவாயில் இறங்கியது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெருங்கண்காட்சி அதை அமெரிக்காவெங்கும் பரப்பியது.

போர்த்துக்கேயர் நம் தீவுக்கு வந்தது அதற்கும் முன்னால், 1505இல். அவர்களும் பின்வந்த ஆட்சியாளரும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழிவந்த காப்பிரி சமூகத்தினர் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுடைய 'மன்ஜா' மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகமேறும். தோற்கருவியோடு தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல் எல்லாம் தாளம் போடும். அதன் உறவான பைலாவில் ஆறு எண்ணிக்கை ஒருமுறை தகிட தகிட என்றும், மறுமுறை தக தக தக என்றும் காதில் விழும். யுகுலேலே நம் கரையில் பிறக்கவில்லை. ஆனால் அழுத்தத்தை இடம் மாற்றிக் காலைத் துள்ளவைக்கும் அந்த வித்தை இங்கே வெகுகாலமாக இருக்கிறது.

நம் காலத்துக் கலைவிழாக்களில் கர்நாடக இசை இருந்தது, மேல்நாட்டுப் பாட்டும் இருந்தது. பக்கத்து ஊர் மன்ஜாவை யாரும் அழைக்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. கடல் கடந்த ஒருவரின் கைவித்தையைக் கற்ற பிறகுதான் அயலாரின் தாளம் என் காதில் ஏறியது. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சிறாம்பியடியின் இளையோர் இன்று சிங்களம் பேசுகிறார்கள். முன்னோரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பெரும்பாலும் பாட்டில்தான் தங்கியிருக்கிறது. பாடுகிறவர்கள் நின்றுவிட்டால் மொழியும் நின்றுவிடும்.

நூற்றாண்டு விழா மேடையில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுப்போமா? நம் மாணவிகள் எதிரே அமர்ந்து, சிரட்டையும் கரண்டியும் எடுத்துத் தாளத்தை அவர்களிடமே கற்கட்டும். யுகுலேலேயைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசையில் நானும் இருப்பேன்.