மெரினாவில் பாதை வந்தாச்சு, மாமன்றத்தில் இடமும் உண்டு... தெருவில்? மாற்றுத்திறனாளிகள் உரிமையில் சென்னை மாநகராட்சி எங்கே நிற்கிறது?

சென்னைக்காரர்களுக்கு மெரினா என்றால் காசு கொடுக்காமல் காற்று வாங்கும் இடம். ஆனா சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு 2022 வரை அந்தக் கடற்கரை மணல் தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். மணலில் சக்கரம் உருளாது, புதையும். அலையில் கால் நனைக்க வேண்டுமானால் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் போக வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நிலைமை மாறும். டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி, மாநகராட்சி ஒரு தற்காலிகப் பாதை போடும். சில நாள் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். "மற்ற நாட்களில் எங்களுக்கு கடல் வேண்டாமா?" என்பதுதான் மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகள் விடாமல் எழுப்பிய கேள்வி.

2022 நவம்பர் 27-ல் அதற்குப் பதில் கிடைத்தது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயலில் கடல் பக்கத்துப் பகுதி உடைந்தது. சமூக வலைதளங்களில் கேலி பறந்தது. ஆனால் பாதையைக் கைவிடவில்லை, சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். மழைக்கு சாலை உடைந்தால் திரும்பப் போடுவோமே, அது மாதிரிதான் இதுவும்.

இது சலுகையா, உரிமையா?

சட்டப்படி உரிமை. 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 21 வகை குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 1995-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்தது 7 வகைதான். பொதுக் கட்டடங்கள், போக்குவரத்து, சாலை என எல்லாமே அனைவரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்ற, விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. விதிகள் வந்தது 2017 ஜூன். அப்படியென்றால் 2022 ஜூனிலேயே கெடு முடிந்துவிட்டது.

மாநகராட்சியின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் சட்டத்தின் 44-வது பிரிவு. சாய்தளம் போன்ற அணுகல் வசதிகள் இல்லாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது, கட்டி முடித்தாலும் பணிநிறைவுச் சான்று தரக் கூடாது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. சட்டம் "கட்டாயம்" என்கிறது, அதன் கீழ் வந்த விதியோ வெறும் வழிகாட்டுதல் போல எழுதப்பட்டிருக்கிறது, இது செல்லாது என்றது. யாரும் தட்டிக்கழிக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு 3 மாதம் கொடுத்தது.

மாமன்றத்தில் என்ன மாறுகிறது?

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் இரண்டு மசோதாக்கள் வந்தன. ஒன்று நகர்ப்புற உள்ளாட்சிக்கு, இன்னொன்று ஊராட்சிகளுக்கு. தேர்தலில் நிற்காமலே, நியமனம் மூலம் மாற்றுத்திறனாளிகள் மன்றத்துக்குள் வர இவை வழி செய்கின்றன. அப்போது முதலமைச்சர் ஸ்டாலின் சொன்ன கணக்கைப் பாருங்கள்: மாநிலம் முழுக்க நகர்ப்புற உள்ளாட்சிகளில் இருந்த மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் வெறும் 35 பேர். புதிய ஏற்பாட்டில் அது சுமார் 650 ஆகும். 200 வார்டுகள் கொண்ட சென்னைக்கு இரண்டு பேர், சிறிய மன்றங்களுக்கு ஒருவர்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர். அதோடு ஒப்பிட்டால் 35 எவ்வளவு சின்ன எண் என்பது புரியும்.

சரி, சிக்கல் எங்கே? நியமன உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. இது தமிழ்நாடு வைத்த விதி அல்ல. அரசியலமைப்பின் 243ஆர் பிரிவே, நகர்மன்றங்களுக்கு நியமிக்கப்படும் அனுபவசாலிகள் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது என்கிறது. 2023 பிப்ரவரியில் டெல்லி மேயர் தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அதனால் சென்னையில் அந்த இருவரும் பேசலாம், கேள்வி கேட்கலாம், கோரிக்கை வைக்கலாம். ஒரு தீர்மானம் ஓட்டுக்கு வந்தால் 200 பேர் கை தூக்குவார்கள், இவர்கள் தூக்க முடியாது.

அப்போ பிரயோஜனம் இல்லையா? அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. மாமன்றத்தில் பெரும்பாலான தீர்மானங்கள் ஆளுங்கட்சி பலத்தில் எப்படியும் நிறைவேறிவிடும். ஒரு நடைபாதை டெண்டர் வரும்போது "சாய்தளம் எங்கே?" என்று அதிகாரியிடம் நேருக்கு நேர் கேட்க ஒரு ஆள் உள்ளே இருப்பதே புதுசு. ஆனா ஒன்று, நியமனம் செய்வது அரசு. அரசையே கேள்வி கேட்கும் துணிச்சல் உள்ளவர்கள் அந்த இடத்துக்கு வருவார்களா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

உண்மையான சோதனை நடைபாதையில்தான்

கடற்கரைக்கு எப்போதாவது போவோம். வீட்டு வாசலில் இருந்து பஸ் ஸ்டாப்புக்கு தினமும் போகணுமே?

2014-லேயே சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் இதற்கு என்றது அந்தக் கொள்கை. 2019-ல் திறக்கப்பட்ட தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அதன் முகம். அகலமான, சமதளமான நடைபாதை எப்படி இருக்கும் என்பதை அங்கே பார்க்கலாம்.

மற்ற தெருக்களில்? சின்ன கணக்கு ஒன்று. நடைபாதையின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டுதல். சாய்தளத்தின் சரிவு 1:12, அதாவது 1 செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம். 15 செ.மீ. ஏற 180 செ.மீ. வேண்டும். நடந்து போக விடவேண்டிய குறைந்தபட்ச அகலமும் அதே 1.8 மீட்டர்தான். முனையில் ஒரு மூட்டை சிமென்ட்டைக் கொட்டி சாய்த்துவிட்டால் அது சாய்தளம் ஆகாது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அதில் நாற்காலி ஏறாது, ஏறினாலும் பின்னால் கவிழும்.

சென்னையில் பல இடங்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடி. வடிகால் எவ்வளவு உயரமோ, நடைபாதையும் அவ்வளவு உயரம். அதன்மேல் மின்வாரியத்தின் பெட்டி, ஒரு மரம், ஒரு டீக்கடை. பைக் ஏறாமல் இருக்க நடும் கம்பங்களின் இடைவெளி 90 செ.மீ.க்குக் கீழே போனால், பைக்கோடு சேர்த்து சக்கர நாற்காலியும் வெளியே நிற்கும்.

பார்வையற்றவர்களுக்காகப் பதிக்கும் மஞ்சள் டைல்ஸையும் சொல்ல வேண்டும். அதில் நீளக் கோடுகள் இருந்தால் "நேராகப் போ", புள்ளிகள் இருந்தால் "நில், கவனி" என்று அர்த்தம். அழகுக்காக என்று நினைத்து கோட்டையும் புள்ளியையும் மாற்றிப் பதித்தால், கைத்தடியோடு வருபவர் நேராகச் சாலைக்குள் இறங்கிவிடுவார். இதற்குத் தனியாகப் பணம் தேவையில்லை, பதிக்கிற மேஸ்திரிக்குச் சொல்லிக் கொடுத்தாலே போதும்.

இன்னொரு தலைவலி, எல்லாமே மாநகராட்சி கையில் இல்லை. பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையது, தோண்டுவது குடிநீர் வாரியம். தாழ்தள பஸ் வந்து நின்றாலும், நிறுத்தத்தின் நடைபாதையில் ஏற வழியில்லை என்றால் பயணம் அங்கேயே நின்றுபோகும்.

நீங்கள் எங்கே கேட்கலாம்?

தெருவில் சாய்தளம் இல்லை, கம்பம் வழியை மறிக்கிறது என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்யலாம். புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

ஏரியா சபைக் கூட்டத்திலும் பேசலாம். வார்டுக்குள் நடக்கும் இந்தக் கூட்டங்களுக்கு 4 நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை அவற்றில் அடங்கும். கடைசித் தேதி மனித உரிமைகள் தினம். கூட்டம் நடக்கும் இடத்துக்கு சக்கர நாற்காலி போகுமா என்பதை முன்கூட்டியே கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மாடியில் கூட்டம் வைத்திருந்தால், முதல் கோரிக்கையே அதுதான்.