கண்காணி, கங்காணி, லயம்: தோட்டத் தமிழில் நம்பிக்கையின் வரலாறு

சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தோர் 'ஸ்ரீகாரியக் கண்காணி' எனப்பட்டனர். அச்சொல்லே பள்ளிவாசல், மூணாறு, இலங்கை மலையகம் ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் 'கங்காணி' என வழங்கியது. ஒலிமாற்றம் சிறிது, பொருள்மாற்றமோ பெரிது.

கண்ணன் தேவன் மலைகளை 1877-இல் பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்றார். பின்னர்த் தோட்டங்கள் பெருகவே, தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் மலையேறினர். அறியாத காடு, மலைக்காய்ச்சல், புரியாத மொழி ஆகியவற்றிடையே அவர்கள் அறிந்த முகம் கங்காணி ஒருவனே. பெரும்பாலும் அவன் அவர்தம் ஊரினன், உறவினனாகவும் இருந்தான். முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவனும் அவனே. காப்போனும் கடன்காரனும் ஒருவனாதலின், நம்புதலும் கடன்படுதலும் ஒரே செயலின் இரு பெயர்களாயின. 'மேற்பார்வையாளர்' என்னும் பெயர்ப்பு இவ்வுறவை முற்றிலும் மறைத்துவிடுகிறது.

இலங்கையில் இவ்வுறவு தாளிலும் ஏறியது. கடனைத் தீர்த்தால் தொழிலாளரை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டு 'துண்டு' எனப்பட்டது. ஆங்கில ஆவணங்களும் அச்சொல்லை அவ்வாறே ஏற்றன. அம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது.

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் மிகையூதியம் கோரிப் போராடியபோது தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி நிறுத்தினர். 'பெம்பிளை ஒருமை' என அவர்கள் பெயர் பெற்றனர். தமிழிலக்கணத்தில் ஒருமை பன்மைக்கு எதிர். இங்கோ அது பலர் ஒன்றுபட்டமையைக் குறிக்கும். மலையாளத்தில் 'ஒரும' என்பதற்கு ஒற்றுமை என்பதே பொருள்.

'லயம்' என்பது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஒன்றோடொன்று ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு வரிசையைச் சுட்டும். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்கள் மண்ணுள் புதைய, எழுபதுபேர் மாண்டனர். அவர்களுட் பலர் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட, தமக்குள் உறவுடைய குடும்பத்தினர். அண்டை உறவு அன்றாட வாழ்வில் அவர்க்கு அரணாக இருந்தது. மலை சரிந்தபோது ஒரே குடும்பத்திற் பலரை இழக்கவும் அதுவே இடமாயிற்று. லயம் வேலையோடு வருவது. பணி ஓய்வு பெற்றவர் அதைக் காலி செய்தல் வேண்டும். ஆதலின் அதனை 'வீடு' எனப் பெயர்த்தல் பொருந்தாது.