சூதாட்டப் பொறியின் பழுதும் சட்டத்தின் எல்லையும்: ஜொகூர் வரலாற்றுப் பின்னணியில் ஒரு நோக்கு

முன்னுரை

சூதாட்டப் பொறியின் பழுதொன்றை அறிந்த ஆட்டக்காரர், பொறியைச் சிதைக்காமல் அதன் பொத்தான்களை மட்டும் அழுத்திப் பெரும்பணம் ஈட்டினால் அது குற்றமாகுமா? இவ்வினா கணினிப் பொறிகளால் எழுந்ததெனத் தோன்றினும் இதன் வேர் பழையது. ஆட்டக் கருவியை வழங்குபவர் யார், அதன் குறைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பனவே இதன் அடிப்படை. சூதினால் வருவாய் ஈட்டிய ஜொகூரின் வரலாறு இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

பழைய நெறி

திருவள்ளுவர் 94ஆம் அதிகாரத்தில் சூதை முற்றாகக் கடிந்தார். அவர் நோக்கு ஆடுவோனின் அழிவைப் பற்றியது. அர்த்தசாத்திரமோ சூதை அரசின் கண்காணிப்பில் வைத்தது. சூதுக் கண்காணிப்பாளரே காய்களை வாடகைக்கு வழங்குவார். வெற்றிப் பொருளில் நூற்றுக்கு ஐந்து பங்கு பெறுவார். அவர் வழங்கிய காய்களைக் கைத்திறத்தால் மாற்றுவோருக்கு 12 பணம் தண்டம். பொய்யாடுவோர் தண்டம் செலுத்துவதோடு வென்ற பொருளையும் இழப்பர். இங்கே குற்றமாகக் கருதப்பட்டது காயை மாற்றுதலும் பொய்யாடுதலுமே என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஜொகூரின் சூதுக் குத்தகை

சிங்கப்பூரில் 1820இல் தொடங்கிய சூதாட்டக் குத்தகை 1829இல் நீக்கப்பட்டது. நீரிணையின் மறுகரையிலோ சூது அரசின் வருவாயாக வளர்ந்தது. தெமெங்கோங் இப்ராஹிம் காலத்தில், 1844 முதல், ஆற்றுப் பத்திரங்கள் சீனத் தலைவர்களுக்கு வழங்கப்பட்டன. கங்சூ எனப்பட்ட அத்தலைவர்கள், மிளகும் கம்பீரும் பயிரிட்ட ஆற்றங்கரைக் குடியேற்றங்களில் சூது, அபின், மது ஆகியவற்றின் தனியுரிமையையும் பெற்றனர். கங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது.

1903இல் சிங்கப்பூரிலிருந்து கிராஞ்சிக்கு இருப்புப்பாதை அமைந்தபின், ஓய்வு நாள்களில் அங்கிருந்து நீரிணையைக் கடந்து ஜொகூர் பாருவில் சூதாடச் சென்றோர் பலர். இன்று இப்போக்கு தலைகீழாகியுள்ளது. 2010இல் சிங்கப்பூரில் இரு சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைவு வரி செலுத்த வேண்டும். ஜொகூரிலிருந்து செல்லும் மலேசியருக்கு அவ்வரி இல்லை.

இவ்வரலாற்றினின்று பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. சூதின் வருவாயில் பங்கு பெறும் அரசு நடுநிலை நடுவராக மட்டும் இருப்பதில்லை. கூடத்தின் இழப்பு அரசின் இழப்புமாகிறது. ஆகவே கூடத்தாரின் முறையீட்டைக் குற்றவியல் சட்டமாக மாற்றும்போது விழிப்பு தேவை.

மூன்று வழக்குகள்

முதல் வழக்கு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரைச் சார்ந்தது. அங்குப் பரவலாக இருந்த காணொளிப் போக்கர் பொறியொன்றில், பந்தய மதிப்பை இடையில் மாற்றினால் முந்தைய வெற்றிக்கு உயர்ந்த மதிப்பில் மீண்டும் பணம் வழங்கும் மென்பொருட் பிழை இருந்தது. 2009இல் இருவர் இதனைப் பயன்படுத்திப் பெருந்தொகை வென்றனர். பிழை செயற்படத் தேவையான ஆட்ட வசதியை இயக்கித் தருமாறு ஊழியரைக் கேட்டனர். பின்னர்ப் பொறியின் பொத்தான்களையே அழுத்தினர். அவர்கள்மீது சுமத்தப்பட்ட கணினிக் குற்றச்சாட்டை அரசுத் தரப்பே 2013இல் கைவிட்டது. அக்கூட்டரசு வழக்கும் தண்டனையின்றி முடிந்தது.

இரண்டாவது, மலேசியாவின் கெந்திங் குழுமத்திற்குரிய இலண்டன் கிராக்ஃபர்ட்ஸ் கூடத்தில் 2012இல் நிகழ்ந்தது. இது பொறி பற்றியதன்று. எனினும் கருவியின் குறை பற்றியதே. சீட்டுகளின் பின்புற ஓரங்களில் இருந்த நுண்ணிய அச்சு வேறுபாட்டை ஆட்டக்காரர் பில் ஐவி பயன்படுத்தினார். மூடநம்பிக்கை எனக் காட்டி, சீட்டு வழங்குபவரைக் கொண்டே சில சீட்டுகளைத் திருப்பி வைக்கச் செய்தார். அவர் வென்ற 77 இலட்சம் பவுண்டைக் கூடம் தர மறுத்தது. 2017இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், தாம் ஏமாற்றவில்லை என அவர் உண்மையாகவே நம்பியபோதிலும் அச்செயல் ஏமாற்றே எனத் தீர்ப்பளித்தது. எனினும் இது உரிமையியல் வழக்கே. பணம் கிடைக்கவில்லை, சிறையும் இல்லை.

மூன்றாவதில் கூட்டுச் சதி உண்டு. ஆட்டப் பொறிகளின் எண்ணாக்க முறையை ஆராய்ந்த இரஷ்யக் குழுவினர், பொறியின் சுழற்சிகளைக் கைப்பேசியில் பதிந்து தொலைவிலுள்ள வல்லுநர்களுக்கு அனுப்பினர். எப்போது அழுத்த வேண்டும் என்பதைக் கைப்பேசியின் அதிர்வு உணர்த்தியது. இம்முறையைக் கையாண்டோர் 2016இல் சிங்கப்பூரில் கைதாகித் தண்டிக்கப்பட்டனர்.

மலேசியச் சட்டத்தின் நிலை

தண்டனைச் சட்டத்தின் 415ஆம் பிரிவு, ஒருவரை வஞ்சித்து இணங்கச் செய்வதையே ஏமாற்று என வரையறுக்கிறது. பொறி மனிதரன்று, மறைமொழி எதுவும் கூறப்படாத நிலையில் வஞ்சிக்கப்பட்டவர் யார் என்ற வினா எழும். இங்கிலாந்து 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தில், பொறிக்கு அளிக்கப்படும் பொய்த் தகவலையும் சேர்த்து இவ்விடைவெளியை அடைத்தது. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியற்ற நுழைவைத் தண்டிக்கிறது. ஆட்டக்காரருக்கென வைக்கப்பட்ட பொத்தானை அழுத்துவதை அத்தகைய நுழைவாகக் கொள்வது கடினம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு பந்தய உடன்படிக்கைகள் செல்லா என்கிறது. உரிமமற்ற பொறிகளை 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் தடுக்கிறது. ஜொகூரில் கள்ளத்தனமாக அத்தகைய பொறியை வைத்திருப்பவர், தம் பொறியின் பழுதால் இழந்ததாகச் சட்டத்திடம் முறையிடத் தகுதியற்றவர்.

மறுப்பும் விடையும்

வங்கிப் பொறி தவறுதலாக வழங்கும் பணத்தை வைத்துக்கொள்வது நேர்மையன்று. இதற்கு மட்டும் விலக்கு ஏன் எனக் கேட்கலாம். வங்கி வாடிக்கையாளரின் பணத்தைக் காக்கும் பொறுப்புடையது. சூதாட்டப் பொறியோ நீண்ட ஆட்டத்தில் உரிமையாளரே வெல்லுமாறு அமைக்கப்பட்டது. அதன் விதிகளை அமைப்பவரும் அவரே. மேலும், பழுது நேர்ந்தால் வெற்றி செல்லாது என்ற அறிவிப்பைப் பொறியிலேயே பொறிக்கும் வழக்கம் உள்ளது. தம்மைக் காக்கும் வழி கூடத்தாரிடம் இருக்கையில் சிறைத்தண்டனையும் சேர்வது மிகை.

முடிவுரை

பொறியைத் திறந்து மாற்றுவதும், மறைகருவியால் அதன் கணக்கைக் கவர்வதும் குற்றமாதல் வேண்டும். அவை காயை மாற்றியவனின் செயலுக்கு ஒப்பானவை. ஐவியைப் போலப் பொய்க் காரணம் கூறி ஊழியரை இணங்கச் செய்தவர் வென்ற பொருளை இழப்பது முறை. வழங்கப்பட்ட பொறியை வழங்கியவாறே பயன்படுத்தியவரைச் சிறைக்கு அனுப்புதல் முறையன்று. பணத்தைத் தர மறுத்தலும் உரிமையியல் வழக்குமே போதுமானவை. சூதை அறமென நாம் கொள்ளவில்லை. ஆனால் சூதின் தீமையைக் காட்டி, சூது நடத்துபவரின் கவனக்குறைவுக்கு ஆட்டக்காரரைக் குற்றவாளியாக்குவதும் அறமாகாது.